தலையைத் திருப்பும் ஸ்டாப்பர்

எங்கள் ஃபுட்பால் டீமில் கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஸ்டாப்பர் நெட்டையானவர். முட்டி இரண்டிலும் பழைய தழும்புகள். பந்து நெருங்கும்போதெல்லாம் தலையை இடப்பக்கம் திருப்பி, கோலில் நிற்கும் என்னைக் கடைக்கண்ணால் பார்ப்பார். நான் ஓயாமல் கத்துவது பிடிக்காமல்தான் முறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். நான் கத்துவது டீமில் மற்றவர்களுக்கும் பிடிக்காது.

ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு டீம் இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று எங்கள் லீக்கில் உச்சவரம்பு உண்டு. நாங்கள் அதைத் தொட்டுவிட்டோம். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித்தர வழியில்லை. வேறொரு டீம் அதிகம் தருவதாகக் கூப்பிட்டது. போய்விடுவார் என்றே பயந்தோம். ஆனால் பழைய சம்பளத்துக்கே மறுபடி எங்களிடம் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூர் ஆடுகோடியில் ஒரு கடையில் அவரோடு டீ குடிக்கும்போது கேட்டேன்.

"ஏண்ணா போகல?"

"எனக்கு வலது காது சுத்தமா கேக்காது மச்சா. அந்த டீம் கீப்பர் வாயே தொறக்கமாட்டான். பின்னாலேர்ந்து எவன் வர்றான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ கத்துறது கேக்குது. அதை மட்டும் நிறுத்திடாத, குரு."

அடுத்த மேட்சில் அதேபோலத் தலையைத் திருப்பினார். பந்து எங்கோ எதிர் கோல் பக்கம் இருந்தது. இருந்தாலும் அடித்தொண்டையில் கத்தினேன்.

"பின்னால இருக்கேண்ணா!"