நாகேஸ்வரிக்காக வரைந்த நிலவறை

உங்கள் கட்டடத்தின் நிலவறையில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பழைய சைக்கிளும் கால் உடைந்த கதிரையும் கிடக்கின்றன என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கடைசியாக எப்போது இறங்கிப் பார்த்தீர்கள்?

வாமதேவன் இறங்கிப் பார்த்தது 1986 ஐப்பசியில். பாரிசில் லா சப்பல் மெற்றோவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ரூ பிலிப்-து-ஜிரார். அங்கே தவரத்தினம் என்பவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்புறம் ஒரு மரக்கதவு. திறந்தால் கற்படிகள். கீழே, ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த அறை. இங்கே எல்லோரும் அதைக் 'காவ்' என்கிறார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி தவரத்தினம் ரோச் லைற்றை நாலு சுவருக்கும் காட்டினார்.

"திருத்தி எடும் வாமதேவன். திருத்தினால் இது ஒரு வீடு. உம்மடை மனிசி பிள்ளையைக் கூப்பிடலாம்."

"கூப்பிடலாமோ அண்ணை?"

"பின்னை? வீடு வாசல் இல்லாதவன்ரை குடும்பத்தை ஆர் உள்ளை விடுவான்? வேலை உம்மடை, இடம் என்ரை. வேறை என்ன வேணும்?"

உலகத்து அநீதிகளில் பாதியை இந்தப் பேச்சுக்குள் அடக்கிவிடலாம். ஒருவன் வேலை, இன்னொருவன் இடம். ஆனால் வாமதேவனின் காதில் விழுந்தது 'கூப்பிடலாம்' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

ஊரில் அவர் நில அளவையாளர் ஒருவருக்குச் அளவுச் சங்கிலி பிடித்தவர். பிறருடைய காணிகளை வெயிலில் நின்று அளந்தவருக்குச் சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இருந்ததில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தார். அகதி அட்டை கிடைத்தது. ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். ஒபர்வில்லியேயில் ஆறு பேருடன் ஒரு அறை. அங்கே மெத்தைகளுக்கு ஓய்வே கிடையாது, ஒருவர் எழும்ப மற்றவர் படுப்பார். எட்டு மாதக் குழந்தையாக விட்டு வந்த மகளுக்கு இப்போது நாலு வயது. மனைவி நாகேஸ்வரியின் குரலை மூன்று வருடத்தில் இரண்டே இரண்டு தடவைதான் ரெலிபோனில் கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் "கேக்குதோ, கேக்குதோ" என்று மாறி மாறிக் கத்தியதிலேயே நேரம் முடிந்துவிட்டது.

அதன்பின் ஞாயிறு வந்தால் வாமதேவன் நிலவறையில்தான். அளவு நாடாவும் பென்சிலுமாக இறங்குவார். சாமான் பெட்டி மட்டைகளைக் கிழித்து அவற்றில் பிளான் கீறுவார். இடது மூலையில் குசினி. ஈரம் கசியும் சுவரோரம் கட்டில் வேண்டாம், அங்கே அலுமாரி. படிக்குக் கீழே மகள் படிக்க ஒரு சின்ன மேசை. தெரு மட்டத்தில் கம்பி போட்ட ஒரு துவாரம் இருந்தது, இரண்டு சாண் அகலம். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும். சப்பாத்தைப் பார்த்து ஆள் யாரென்று மகளோடு பந்தயம் பிடிக்கலாம் என்று நினைத்து, தனியே நின்று சிரித்துக்கொண்டார்.

குசினியில் சாமான் வைக்கும் மரத்தட்டை எந்த உயரத்தில் அடிப்பது என்பதில்தான் வேலை நின்றது. நாகேஸ்வரிக்கு எட்ட வேண்டும். அவள் எவ்வளவு உயரம்? அவள் உச்சந்தலை எட்டிய இடம் என்று தன் நாடியைத் தொட்டுப் பார்த்தார். இதற்கும் கொஞ்சம் கீழே. அல்லது நாடி மட்டமோ? கல்யாணப் படத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தியின் உயரம் மறந்துபோகும் என்று அவர் நினைத்ததே இல்லை. சுவரில் மூன்று கோடுகள் கீறினார். மூன்றும் அவளாக இருக்கலாம் போலிருந்தது.

ஆலோசனை சொல்ல ஸ்ரனிஸ்லாஸ் வந்தான். குருநகரில் மேசனாக இருந்தவன், இங்கேயும் கட்டட வேலைதான். இறங்கிய வேகத்தில் முகட்டில் தலையை இடித்துக்கொண்டான்.

"அண்ணை, மனிசி நெடுவலோ?"

"இல்லையடாப்பா, கட்டை."

"அப்ப அவ தப்பினா. நீங்கள்தான் இனிக் குனிஞ்சு குனிஞ்சு குடும்பம் நடத்தப் பழக வேணும்."

"பகிடியை விடு. நிலத்தை ஒரு முழம் வெட்டி இறக்கேலாதோ?"

"இறக்கலாம். தண்ணி வரும். பாரிசுக்குக் கீழை கடலைக் கண்டுபிடிச்ச தமிழன் எண்டு பேப்பரிலை உங்கடை படம் போடுவாங்கள்."

"உனக்கு எல்லாம் விசர்க் கதை."

ஸ்ரனிஸ்லாஸ் சுவரைக் கையால் தடவி, விரலை மணந்து பார்த்தான். பிறகு குரல் மாறியது. "அண்ணை, சீமெந்து பூசித் தரலாம். பெயின்றும் அடிச்சுத் தரலாம். காத்தை நான் எங்கையிருந்து கொண்டு வாறது?"

வாமதேவன் தெருத் துவாரத்தின் அகலத்தை மறுபடி அளந்தார். கடைக்கு வந்த இன்னொருவர், அடுப்பு தென்கிழக்கில் அமையாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று படியில் நின்றபடியே வாஸ்து சொன்னார். சூரியன் எட்டியே பார்க்காத குழிக்குத் திசை பார்க்கிற மூளை நம்மவர்களுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

மார்கழியில் பிளான் முடிந்தது. நல்ல தாளில் மை கொண்டு இரண்டு படங்கள் கீறினார். ஒன்று மேலிருந்து பார்ப்பது. மற்றது பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது: மேலே தெரு, அதற்குக் கீழே மண், படிகள், அறை, அறைக்குள் மூன்று மனிதர்கள். பக்கவாட்டுப் படத்தில் அவருக்குத் தனிப் பெருமை. "இதுதான் நமது இடம். உம்முடைய உயரத்தையும் பிள்ளையின் உயரத்தையும் அளந்து அனுப்பும்" என்று கடிதம் எழுதித் தபாலில் போட்டார்.

பதில் வர மாசி மாதமாகிவிட்டது. கடித உறைக்குள் இரண்டு நூல்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நீளமானதில் ஒரு முடிச்சு, குட்டையானதில் இரண்டு முடிச்சு. வாமதேவன் குட்டை நூலின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை உயர்த்தினார். அது இடுப்பைத் தாண்டிச் சற்று மேலே வந்து நின்றது. இவ்வளவு வளர்ந்துவிட்டாளா? நூலை அப்படியே பிடித்துக்கொண்டு, நுனிக்கு மேலே காற்றில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். அறையில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகுதான் கடிதத்தை வாசித்தார்.

"அன்புள்ள அத்தான், நீங்கள் கீறி அனுப்பின பங்கர் படம் கிடைச்சது. அங்கையும் குண்டு போடுறாங்களோ? எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? படம் வடிவாக் கீறியிருக்கிறியள், ஆனால் பிழை இருக்கு. ஒரு வாசல்தான் வைச்சிருக்கிறியள். ஒரு வாசல் வைச்ச பங்கருக்குள்ளைதான் சந்தியடியிலை நாலு பேர் மூடுப்பட்டுச் செத்தவை. மற்றப் பக்கமும் ஒரு வழி வெட்டுங்கோ. படியை நேராய் இறக்காமல் வளைச்சு இறக்கினால் ஷெல் விழுந்தாலும் சன்னம் உள்ளை வராது. மேலை பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட வேணும். அங்கை பனை இல்லாட்டில் வேறை ஏதும் பாருங்கோ. எங்கடை பங்கருக்குள்ளை மழைத்தண்ணி நிண்டு பிள்ளைக்குக் கால் முழுக்கச் சிரங்கு. ஹெலிச் சத்தம் கேட்டால் இப்ப நான் கூப்பிடத் தேவையில்லை, தானே ஓடிப்போய் உள்ளை இருப்பாள். ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. அங்கை வந்தால் நாங்கள் நிலத்துக்கு மேலை இருக்கேலாதோ? குளிர் எண்டால் பரவாயில்லை. சின்ன இடம் எண்டாலும் பரவாயில்லை."

1987இல் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, மண்ணுக்குக் கீழே அறை கீறி அதற்குள் மூன்று பேரை இருத்திக் காட்டினால், அவள் வேறு என்ன நினைப்பாள்? இரண்டு மாதம் அளந்து கீறிய வீட்டில் வாமதேவன் ஒரு சொல்லை எழுத மறந்துவிட்டார். வீடு என்ற சொல்லை. மறந்தாரா, எழுதக் கை வரவில்லையா என்பது அவருக்கே தெரியவில்லை.

அன்று பின்னேரமே தவரத்தினத்தின் கடைக்குப் போய் நிலவறைக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன, உம்மடை மனிசிக்கு மாளிகை வேணுமாமோ?" என்றார் தவரத்தினம். "நான் வந்த புதிசிலை ரெண்டு வரியம் காவிலைதான் கிடந்தனான். செத்தோ போனன்?"

"அதுதான் அண்ணை எனக்கு விளங்கேல்லை. கிடந்து பாத்த நீங்களே இன்னொரு ஆளை இறங்கெண்டு சொல்லுறியள்."

தவரத்தினம் துணியை எடுத்தார். தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

அகதிகளுக்கு உதவும் அலுவலகம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் பியட்றிஸ் என்ற பாண்டிச்சேரிப் பெண் மொழிபெயர்க்கிறாள். வாமதேவன் அவளிடம் மட்டையில் கீறிய பிளானைக் காட்டி, குடும்பத்தைக் கூப்பிட என்ன மாதிரி இடம் வேண்டும் என்று கேட்டார். இந்தக் கேள்வியை நாலு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் நம்மில் யார் அலுவலகத்தில் கேட்கிறோம்? கடையில் நிற்கிற அண்ணையிடம்தானே கேட்கிறோம்.

"காவ்ல மனுஷங்க குடியிருக்கக் கூடாதுங்க. சட்டமே அதான். நீங்க தங்கத்துல திருத்தினாலும் அது வீடு ஆகாது. இந்த அட்ரஸைக் குடுத்தா உங்க தோசியே, குடும்பத்தைக் கூப்பிடுற ஃபைலே கெட்டுடும்."

"அப்ப என்ன செய்யிறது தங்கச்சி?"

"மத்த பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. ஒழுங்கான அப்பார்த்மான்ல இருக்கிற யாராவது, 'இவரு குடும்பம் வந்தா கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல தங்கலாம்'னு ஒரு அத்தெஸ்தாசியோன் எழுதித் தரணும். ஒரே ஒரு தாள். உங்க ஆளுங்க இத்தனை பேரு இருக்காங்களே, ஒருத்தர் தர மாட்டாங்களா?"

ஸ்ரனிஸ்லாஸ் கேட்ட உடனே ஒப்பம் வைத்திருப்பான். ஆனால் அவன் இருப்பது தனி ஆண்களுக்கான விடுதியில்; அந்தத் தாள் செல்லாது. அவன்தான் விசாரித்து ஒரு விலாசம் தந்தான். ஓல்னே-சூ-புவாவில் ராதாகிருஷ்ணன் என்று ஒருவர், கந்தோர் உத்தியோகம், மூன்று அறை வீடு, பிள்ளைகள் இல்லை.

வாமதேவன் சவரம் செய்து, ஒரு பெட்டி பிஸ்கற்றோடு போனார். கதிரை தந்தார்கள். தேநீர் வந்தது. ராதாகிருஷ்ணன் கதை முழுவதையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ஐயோ பாவம்" என்று இரண்டு தரம் சொன்னார். பேனையைக்கூட எடுத்து மேசையில் வைத்துவிட்டார். பிறகு கேட்டார்.

"ஊரிலை எவடம் தம்பி?"

வாமதேவன் ஊரின் பெயரைச் சொன்னார்.

"அட, எங்கடை பக்கத்து ஊர். கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

சாதியை நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் திசையைக் கேட்பார்கள். வாமதேவனுக்கு அது தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். காணி அளந்தவர், அந்த ஊரின் எல்லாத் திசையும் அவருக்கு மனப்பாடம்.

"கோயிலுக்குப் பின்னாலை, குளத்தடி" என்றார்.

"ஓ. குளத்தடி." பேனை சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. "சரி, நான் மனிசியைக் கேட்டுச் சொல்லுறன்."

மனைவி அவருக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். அந்த அம்மா எழுந்து, வாமதேவன் குடித்து முடிக்காத கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

ஆமிக்காரன் குண்டு போடும்போது கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுப் போடுவதில்லை. கேட்பவர்கள் நாம். கடல் கடந்தோம், பாஷை மாற்றினோம், நீட்டுப் பாண் தின்னப் பழகினோம். அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து, வெப்பமூட்டிய வரவேற்பறைகளில் வைத்துக் காப்பாற்றுகிறோம். ஒரு குழந்தை சிரங்குக் காலோடு குழிக்குள் ஓடுவதற்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வாமதேவன் அந்த வாரமே ஊருக்கு எழுதினார். "அது பங்கர் இல்லை. அந்தப் படத்தைக் கிழிச்சுப் போடும். நிலத்துக்கு மேலைதான் இடம் பாக்கிறன்." நிலத்துக்கு மேலே இதுவரை எத்தனை கதவு தட்டினார் என்று எழுதவில்லை. தட்டின் உயரம் மட்டும் சரியாகத் தெரிந்துவிட்டது என்றும், அவர் நினைத்ததைவிட அவள் இரண்டு விரல்கடை உயரம் என்றும் எழுதினார்.

தோசியே பியட்றிஸின் மேசையில் காத்திருக்கிறது. எல்லாத் தாளும் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. இதை வாசிக்கும் உங்களில் எவருக்காவது இந்த நகரத்திலோ புறநகரிலோ உங்கள் பெயரில் ஒரு வீடு இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதி, இந்தக் குடும்பம் வந்து தங்கலாம் என்று ஒரு வரி எழுதி, ஒப்பம் வையுங்கள். செவ்வாயும் வெள்ளியும் பியட்றிஸ் அந்த அகதி அலுவலகத்தில் இருப்பாள். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எவரிடமும் எந்தப் பக்கம் என்று கேட்காமல் கொடுங்கள்.