குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனவர்

இன்று கொல்லிமலை ஏறும்போது என் சீமை ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து ஆயில் ஒழுகியது.

மலையிறங்கிய லாரி ஒன்று நின்றது; அதில் வந்த மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்தார். "ஆயில் கூலருக்குப் போற ரெண்டு குழாயும் விரிசலுங்க. கழட்டிக் கொண்டுபோய்ப் பத்தவெச்சுட்டு வாரேன்."

சீமைக் குழாய்களை வைத்துக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவாரோ? கழற்றி வைத்த இரண்டிலும் அவருக்குத் தெரியாமல் ஆணியால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து வந்து பூட்டினார். அதே கீறல், அதே குழாய்கள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வெட்கமாகிவிட்டது. "உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அட, விடுங்க. நானும் கீழே போலீஸ் ஸ்டேசன்ல உங்க கார் நம்பரைக் குடுத்துட்டுத்தானுங்க வந்தேன். திருட்டு வண்டியோன்னு ஒரு நெனப்பு."

நண்பர்களே, உண்மையைச் சொல்லுங்கள். என் முகத்தில் அப்படியா எழுதியிருக்கிறது?