மதியம் திறந்திருந்த கடை

நேரு வீதியில் நான் கல்லாவில் உட்கார்ந்த ஜவுளிக்கடையை ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்போம். புதுச்சேரியில் பெரும்பாலான கடைகளுக்கு அதுதான் வழக்கம். ஆளாளுக்கு செல்போன் வாங்கத் தொடங்கிய காலம் அது. பெரிய முதலாளி மூட்டு வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட, சென்னையில் படித்துவிட்டு வந்த மகன் கணேஷ் பொறுப்புக்கு வந்தார். முதல் நாளே எங்களைக் கூப்பிட்டார்.

“மூணு மணி நேரம் கடைய சாத்திட்டுத் தூங்கறதா? மெட்ராஸ்ல எவனாவது இப்டி பண்றானா? நாளையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஷட்டர் எறங்கக் கூடாது.”

“தம்பி, அந்த வெய்யில்ல யாரு வருவாங்க?” என்றேன்.

“தெறந்து வெச்சாத்தான வருவாங்க?”

வந்தார்கள். டூரிஸ்டுகள். ஏசிக்கு அடியில் நின்றார்கள், தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் தூசியில்லாத ரேக்கைத் துடைத்தோம், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தோம். வேலை செய்கிற மாதிரி நிற்பது வேலை செய்வதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கு வியாபாரமே சாயங்காலம்தான். அந்த நேரத்தில் எல்லோர் மூஞ்சியும் தொங்கிப்போயிருக்கும்.

அதிகம் அடிபட்டவர் திரைத்துணிப் பிரிவில் இருந்த ஏழுமலை. பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். விடிவதற்குள் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு பஸ் பிடித்து வருவார். மதியம் குடோனில் ஒரு தூக்கம் போட்டு முகம் கழுவினால் புது ஆளாகிவிடுவார். இப்போது அந்தத் தூக்கம் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் பழைய வாடிக்கையாளர், நாங்கள் மதாம் என்று கூப்பிடும் அம்மா வந்தார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம். பிரான்சிலிருந்து மகள் வருகிறாள், வீடு முழுக்கப் புதுத் திரை வேண்டும் என்றார். பழைய வீடு, ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கும் மேல். அந்த அளவு ஏழுமலைக்கு மனப்பாடம். அன்று சாதாரண ஜன்னல் அளவுக்குத் துணிக்கட்டு முழுவதையும் வெட்டித் தள்ளிவிட்டார். அந்த டிசைனில் வேறு துணி கிடையாது. கத்திரியைக் கீழே வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“கண்ண தெறந்துகினுதான வெட்டுனீங்க?” கணேஷ் மதாம் முன்னாலேயே கத்தினார். “போதும். நாளையிலேர்ந்து வராதீங்க.”

நான் கல்லாவை விட்டு எழுந்தேன். “தம்பி, காலைலேர்ந்து நின்ன கால்லயே நிக்கிறாரு. தப்பு அவரு கையில இல்ல, நம்ம ஷட்டர்ல இருக்குது.”

மதாம் ஏழுமலையைப் பார்த்தார். “மதியம் தூங்கலியாப்பா?”

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

மதாம் கணேஷிடம் திரும்பினார். “நாளைக்கு நாலு மணிக்கு மேல வரேன். வேற டிசைன் எடுத்து வைங்க. ஆனா இவருதான் வெட்டணும், தூங்கி எழுந்து வெட்டணும். இல்லன்னா எதிர்க்கடைக்குப் போறேன். அவங்க இன்னும் மதியத்துல சாத்துறாங்க.”

மறுநாள் ஒரு மணிக்கு, கணேஷே ஷட்டரை இறக்கினார். ஏழுமலை படுத்ததும் குறட்டை விட்டார். சாயங்காலம் வெட்டிய திரைகள் கச்சிதம்.

பின்னால் நான் வேறு கடையில் மேனேஜராக இருந்தபோது, ஆட்களை எவ்வளவு நேரம் நிற்கவைக்கலாம் என்று பார்த்ததில்லை. கூட்டம் வரும்போது தெம்பாக நிற்கிறார்களா என்றுதான் பார்த்தேன்.

அன்று தப்பாக வெட்டிய குட்டைத் திரைகள் விற்கவே இல்லை. மதாம் வந்துபோய்ச் சில வாரம் கழித்து ஒரு மதியம் எதையோ எடுக்க குடோனுக்குப் போனேன். ஏழுமலைக்குப் பக்கத்தில், அந்தத் திரைகளையே மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கணேஷ் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.