திருப்பிக் கொடுக்காத கை

நாற்பத்தாறு வயதுவரை ஹெர்மீன் லான்சிங்குக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடையாது. பால் கறப்பதுதான் அவள் தொழில், அதுவும் அடுத்தவர் மாடுகளை. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் எவராவது காலை முறித்துக்கொண்டாலோ, முதுகு பிடித்துப் படுத்தாலோ, அதிசயமாக மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போனாலோ, அவளுக்குத்தான் போன் வரும். விடிவதற்குள் போய் நின்றுவிடுவாள். எந்தப் பண்ணையில் எந்த மாடு உதைக்கும், எந்த வீட்டுக்காரி சூடாகக் காப்பி தருவாள், எவள் காலையில் போட்டதையே சுடவைத்துத் தருவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேலை முடிந்ததும் ஊருக்குள் ரொட்டிக்கடை மாடியில் இருந்த வாடகை வீட்டுக்கு ஏறிப்போவாள். அவள் ரப்பர் பூட்சில் சாணி வாடை அடிக்கிறது என்று ரொட்டிக்கடைக்காரர் முகம் சுளிப்பார்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவாள். எங்கள் பக்கத்தில் இது பெரிய குறை. இங்கே வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் புகையுது" என்றுதான் சொல்வோம்.

வீடு வாங்க அவள் முயலாமல் இல்லை. இப்போதெல்லாம் ஆளுக்கொரு விலையை மூடிய உறையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அடுத்தவன் என்ன எழுதினான் என்பது கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு முறையும் மேற்கே நகரங்களிலிருந்து வந்த யாரோ ஒருவருக்குத்தான் வீடு போகும். அங்கே ஒரு சமையலறை விற்கும் விலைக்கு இங்கே தோட்டத்தோடு வீடு கிடைக்கிறதாம். அவர்கள் வாங்கி, வேலி போட்டு, சேவல் கூவுகிறது என்று புகார் கொடுப்பார்கள்.

இந்த நிலையில்தான் பேரெண்ட் ஹொய்டிங்க் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஐந்து வீடுகள் மட்டும் உள்ள லிண்டெப்ரூக்கில் அவர் வீடும் ஒன்று. மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தார், மாடுகளை எப்போதோ விற்றுவிட்டார். மனைவி படுக்கையில் கிடந்த காலத்தில் அவருக்காக ஹெர்மீன்தான் கறந்து கொடுத்தாள். யூத்ரெக்ட் நகரத்தில் இருக்கும் மகளுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று யோசிப்பதாக அவர் சொன்னதும், எனக்குக் கொடுங்கள் என்று ஒரே போடாகப் போட்டாள்.

காலி மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு இருவரும் மாட்டுச் சந்தை வழக்கப்படி பேரம் பேசினார்கள். அவள் ஒரு விலை சொல்லி அவர் உள்ளங்கையில் அடித்தாள். அவர் வேறொரு விலை சொல்லி அவள் கையில் அடித்தார். கை சிவக்கும்வரை நடந்தது. கடைசி அடியில் கைகள் விலகாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எங்கள் பக்கத்தில் அத்தோடு பேச்சு முடிந்தது. வாங்கிய மாடு வீட்டுக்கு ஓட்டிப்போகும் வழியிலேயே செத்தாலும் அது வாங்கியவன் மாடுதான்.

அன்று மாலையே பேரெண்ட் அவளை மற்ற நான்கு வீடுகளுக்கும் அழைத்துப்போய், இவள்தான் இனி உங்கள் நோபர் என்று அறிமுகம் செய்தார். நோபர் என்பது வெறுமனே பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. பிள்ளை பிறந்தால் திராட்சை ரொட்டி சுமந்து வர வேண்டும். வீடு மாறினால் சாமான் ஏற்ற வேண்டும். செத்தால் ஊருக்குச் சொல்லி, பெட்டியைத் தூக்க வேண்டும். சொந்தக்காரன் வராவிட்டாலும் மன்னிப்பார்கள், நோபர் வராவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். எதிர் வீட்டு ரீக் ஜெனேவர் சாராயம் ஊற்றிக் கொடுத்தபடி கிண்டல் செய்தாள்.

"மாடி வீட்டுக்காரி, எங்க ஊரு சேத்த தாங்குவியாடி?"

"ஒங்க வீட்டு மாடு ஒதச்சதையே தாங்கிட்டேன்," என்றாள் ஹெர்மீன்.

மறுநாள் காலை அவள் ரொட்டிக்கடைக்காரரிடம் மாடியைக் காலி செய்வதாகச் சொன்னாள். மாத முடிவு வரைதான் கணக்கு. அவருடைய அண்ணன் மகன் ஒருவன் அந்த மாடிக்காகவே காத்திருந்தான். படித்தவர்கள் சிரிப்பார்கள், வீடு என்ன மாடா, காகிதத்தில் ஒரு வரியாவது எழுத வேண்டாமா என்று. சிரிக்கட்டும். கையைப் பிடித்தவரிடம் எழுதிக் கேட்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் என்றே அவள் வளர்ந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். பேரெண்ட் வீட்டு ஜன்னல் திரைகள் பகலில் மூடிக்கிடந்தன. எங்கள் ஊரில் யாரும் பகலில் திரை போடுவதில்லை, சாவு வீட்டில் மட்டும்தான் போடுவார்கள். ரீக் பதறி ஓடினாள். திரும்பி வந்து ஹெர்மீனுக்குப் போன் செய்தாள்.

"கெழவன் உசுரோடதான் இருக்கான். என் மூஞ்சியத்தான் பாக்க மாட்டேங்கறான். நேத்து அவன் பொண்ணு யூடித் வந்திருக்கா. கூட ஒரு வீட்டுத் தரகன். செருப்புல சேறு படாம நடக்கறவன்."

தரகரையே ஹெர்மீன் கூப்பிட்டுக் கேட்டாள். மிக மரியாதையான ஆள். மேற்கே ஹார்லெம் நகரத்திலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து பார்த்ததாகவும், அவர்கள் சொன்ன விலை அவள் சொன்னதைவிட மிக அதிகம் என்றும், வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றும் சொன்னார். கை அடித்ததைப் பற்றி அவள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. எழுத்தில் இல்லாத வீட்டு வியாபாரம் சட்டத்தின் கண்ணில் வியாபாரமே இல்லையாம். கடனை ஏற்றித் தர முடியுமா என்று வங்கியில் கேட்டாள், இதற்குமேல் ஒரு காசு கிடையாது என்றார்கள்.

பேரெண்டைப் பார்க்கப் போனாள். பின்கதவு தாழ் போட்டிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் தாழ் போட்ட பின்கதவைக் கண்டதில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். எங்கள் வீடுகளில் முன்கதவு கல்யாணத்துக்கும் பிணத்துக்கும்தான். மணியை அழுத்தினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி அழுத்த அவளுக்குத் தைரியம் இல்லை.

வீடு திரும்பினால் மாடிப்படியில் ஏறவே வழியில்லை. அண்ணன் மகனின் சோபா படிகளில் குறுக்கே கிடந்தது. மனதை மாற்றிக்கொண்டால் என்ன என்று ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மாவு பிசையப் போனார். நகராட்சி வாடகை வீடுகளுக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் சேர்ந்தால் அவளுக்குத் தலை நரைத்துவிடும். இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை.

வியாழக்கிழமை மாலை வோல்டரிங்க் பண்ணையில் கறந்துகொண்டிருந்தாள். கறவைக் கூடத்தின் நடுப்பள்ளத்தில் அவள், இரு பக்கமும் அவள் தோள் உயரத்தில் மாடுகளின் மடிகள். கதவைத் தள்ளிக்கொண்டு பேரெண்ட் வந்தார். தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். பின்னால் யூடித்.

பள்ளத்தின் விளிம்பில் நின்று அவர் வலது கையை நீட்டினார்.

"கையத் திருப்பிக் குடு, ஹெர்மீன்."

சந்தையில் இதற்கும் வழி உண்டு. வாங்கியவர் மனமொப்பிக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பேச்சு கலைந்துவிடும், யாருக்கும் இழுக்கில்லை. இந்தக் காலத்தில் அதைக் கேட்டு வரும் ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். யூடித்துக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"சட்டப்படி நாங்க உங்கள வந்து பாக்கணும்னே இல்ல," என்றாள். "இவர்தான் அடம்பிடிச்சார். எங்க வீட்டுக்கு அடுத்த தெருவுல தரைத்தளத்துல ஒரு வீடு வந்திருக்கு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டதும் நேரா தாத்தாகிட்ட ஓடிரலாம். ஹார்லெம்காரங்க குடுக்கற விலை வந்தாத்தான் அதை வாங்க முடியும். உங்க விலைக்கு முடியாது. அம்மா போனதிலேர்ந்து அப்பா என்ன சாப்பிடறார், எத்தன நாள் யார்கிட்டயும் பேசாம இருக்கார்னு உங்களுக்குத் தெரியாது."

ஹெர்மீனுக்குத் தெரியும். கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இளகிய மனசுக்காரி என்று ஊர் மெச்சும். மெச்சிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகும். போக வீடில்லாமல் நிற்பது அவள் மட்டும்தான்.

"தரமாட்டேன்," என்றாள்.

கிழவரின் கை அப்படியே நீண்டிருந்தது.

"நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடலாம், பேரெண்ட். யாரும் தடுக்க முடியாது. ஆனா நான் சம்மதிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டுப் போடாதீங்க. நான் சம்மதிக்கல."

யூடித்தின் முகம் சிவந்தது. இவ்வளவு சுயநலமா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஹெர்மீன். வேறு என்ன சொல்ல? பேரெண்ட் கையை மெல்ல இறக்கி, கோட்டில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர்கள் போனபின் ஹெர்மீன் அடுத்த மாட்டுக்குத் திரும்பினாள். மருந்து கொடுத்திருந்த மாட்டின் காலில் கட்டிய சிவப்புப் பட்டை கண்ணில் படவேயில்லை. அதன் பாலையும் தொட்டிக்குள் விடப்போய்க் கடைசி நிமிடத்தில் குழாயைப் பிடுங்கினாள். விட்டிருந்தால் பண்ணையின் மொத்தப் பாலும் சாக்கடைக்குப் போயிருக்கும். அவளுக்கு இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அப்படி நேர்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரீக்கின் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பேரெண்ட் வீட்டு முற்றம் முழுதாகத் தெரிந்தது. ரீக்கின் கணவன் யொஹான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தான். கிழவனை இப்படி இக்கட்டில் நிறுத்தியது பாவம், நானாக இருந்தால் கொடுத்திருப்பேன் என்று முணுமுணுத்தான்.

"ஒனக்கென்ன," என்றாள் ரீக். "நீ குந்தியிருக்கற நாற்காலிகூட ஒங்கப்பன் வாங்கிப் போட்டது."

ஹார்லெம் தம்பதியின் கார் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நிறைமாத வயிறு. புத்தம் புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். ஆப்பிள் மரத்தைத் தொட்டுப் பார்த்து, கணவனைக் கூப்பிட்டு ஒரு கிளையைக் காட்டினாள். ஊஞ்சல் கட்டும் இடமாக இருக்கும். ஹெர்மீன் அவளை வெறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளும் வீடு தேடித்தானே வந்திருக்கிறாள்.

தரகர் பையோடு உள்ளே போனார். திரைகள் மூடியே இருந்தன. காப்பி ஆறிப்போனது. ரீக் எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள், அதுவும் ஆறியது. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று யொஹான் கேட்டான். ஹெர்மீன் தன் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. முதலில் அந்தப் பெண் வந்தாள், அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்திலும் அழுவார்கள். கணவன் அவள் முதுகைத் தடவிக் காரில் ஏற்றினான். தரகர் போனில் பேசிக்கொண்டே போனார். கடைசியாக யூடித் வந்தாள். முற்றத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு சரளைக் கல் தெறிக்கக் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

பேரெண்ட் சாலையைக் கடந்து வந்தார். பின்வாசலில் மரச்செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ரீக் காப்பி ஊற்றினாள். என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் சர்க்கரை போட்டு வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பேனாவ எடுத்தேன், வச்சேன். மறுபடி எடுத்தேன்," என்றார். "எழுத வரல."

பிறகு, "யூடித் இனிமே வரமாட்டாளாம்," என்றார்.

ஹெர்மீனுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டாள். எங்கே போவீர்கள் என்று கேட்டாள். ஊரில் முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடமாம். பின்பக்க அறையில் நீங்களே இருந்துகொள்ளுங்கள் என்ற வார்த்தை அவள் நுனி நாக்குவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அவரும் அதைக் கவனித்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் காப்பிக்குக் கூட்டிட்டு வந்துரு," என்றார். "நீதான எனக்கு நோபர்."

"எல்லா ஞாயிறுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது.

"எல்லா ஞாயிறும்."

திங்கட்கிழமை அதே தரகரின் மேசையில் இருவரும் கையெழுத்திட்டார்கள். வாங்குபவருக்கு மட்டும் சட்டம் மூன்று நாள் அவகாசம் தருகிறது என்று தரகர் படித்துக் காட்டினார். அதற்குள் மனம் மாறினால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஹார்லெம் தம்பதி இன்னும் வேறு வீடு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவைத்தார். செவ்வாய், புதன், வியாழன். போனை மாட்டுக் கூடத்து ஜன்னலில் வைத்துவிட்டுக் கறந்தாள். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தாள், விலகிக்கொள்கிறேன் என்று தரகரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாழக்கிழமை முடியும்வரை அவள் யாரையும் கூப்பிடவில்லை.

ஞாயிறு ஒன்றுகூட இன்றுவரை தவறியதில்லை. காரில் போய்க் கூட்டிவருகிறாள், காப்பி கொடுக்கிறாள், ஆப்பிள் கேக் வெட்டி வைக்கிறாள், கொண்டுபோய் விடுகிறாள். கிழவர் மகளை இழந்ததை நினைத்து அழுவாளா என்றால் அழுவாள், மாட்டு மடிகளுக்கு நடுவே யாரும் பார்க்காதபோது. வீட்டைத் திருப்பிக் கொடுப்பாளா என்றால் மாட்டாள். யூடித் இன்னும் வரவில்லை.