ஹமீட்டின் பழைய கணினியில் இருந்த சாவி

1. மூன்று நாளும் ஒரு காலையும்

ஆப் எழுத உதவும் ஃப்ளட்டர் என்ற மென்பொருளை என் கணினியில் நிறுவ எனக்கு மூன்று நாள் பிடித்தது. பக்கத்து மேசை ஹமீட்டுக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இதில் நான் சொல்லப்போவது எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

ஜார்ஜ் டவுனில் லோரி கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து தரும் அலுவலகம் எங்களுடையது. நானும் ஹமீட்டும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் டெவலப்பர், அவன் டெஸ்டர். நான் எழுதும் ஆப்பில் அவன் பிழை கண்டுபிடிப்பான். இருபது வருடம் இப்படியே போனது. அவன் கொண்டுவரும் பிழைகளை உடனே பார்க்காமல் அவனைக் காக்கவைத்த நாட்கள் நிறைய. அப்படிக் காக்கவைப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை எங்கள் மேலாளர் மிஸ்டர் டான் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐஃபோனுக்கு ஒன்று என்று இனி தனித்தனியாக எழுத வேண்டாம், ஒரே நிரலை இரண்டிலும் ஓடவைக்கும் ஃப்ளட்டருக்கு மாறலாம் என்றார். யார் கணினியில் முதலில் ஓடுகிறதோ அவர் பட்டர்வொர்த்தில் லோரிகள் நிற்கும் யார்டுக்கான புது ஆப்பை ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார். டெஸ்டரை எதற்குக் கூப்பிட்டார் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஹமீட் ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்து இதைத் தானாகவே படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

என் கணினியில் பழைய ஆப்புகளுக்காகப் பழைய ஜாவா இருந்தது. ஃப்ளட்டருக்குப் புது ஜாவா வேண்டும். மாற்றினால் பழைய ஆப் நின்றது, மாற்றாவிட்டால் புதியது நகரவில்லை. விண்டோஸில் என் பெயர் நடுவில் இடைவெளி விட்டு 'கலா தேவி' என்று இருந்தது. அந்த இடைவெளி ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற கருவித்தொகுப்புக்கு ஒத்துவரவில்லை. அந்தத் தொகுப்பைத் தூக்கி சி டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்தேன். பிறகு கமாண்ட்லைன் டூல்ஸ் இல்லை என்றது. அதைப் போட்டதும் லைசென்ஸை ஒப்புக்கொள் என்றது.

'ஃப்ளட்டர் டாக்டர்' என்று ஒரு கட்டளை உண்டு. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரியானதற்குப் பச்சை டிக், தவறானதற்குச் சிவப்புக் குறி காட்டும். முதல் நாள் மதியம் நான் சாப்பிட எழுந்தபோது என் திரையில் மூன்று சிவப்பு. ஹமீட் திரையில் எல்லாம் பச்சை. கணினிக்குள் ஃபோன்போல் ஓடும் எமுலேட்டரில் அவன் எழுதிய ஒரு பக்கம் ஓடிக்கொண்டும் இருந்தது. மிஸ்டர் டான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவன் மெஷின்ல பழசு ஒண்ணும் இல்ல, அதான் சீக்கிரம் ஆச்சு," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்வதற்காக நான் அதைச் சொல்லவில்லை.

2. ஒரே ஒரு வரி

யார்டு ஆப் ஹமீட்டுக்குப் போனது. சரக்கை இறக்கியதும் டிரைவர் டேப்லட்டில் படம் எடுப்பார், கடைக்காரர் விரலால் கையெழுத்துப் போடுவார். இன்டர்நெட் லைன் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அது அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். இரண்டு மாதத்தில் முப்பது டேப்லட்டில் ஓடியது. நிறுவும் முறையை அவன் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வைத்தான். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் பின்பற்றினார்கள். சந்தேகம் என்றால் என் மேசையைத் தாண்டி அவனிடம் போனார்கள். ஒவ்வொருவர் தாண்டும்போதும் எனக்குக் காது சூடாகும்.

ஒருநாள் அவன் நிரலை எடுத்துப் படித்தேன். கற்றுக்கொள்ள என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தேடியது தப்பை. கிடைத்தது.

ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொன்றும் ஒரு சாவிக் கோப்பால் கையெழுத்திடப்பட வேண்டும். அடுத்த பதிப்பும் அதே சாவியோடு வந்தால்தான் பழையதன் மேல் ஏறும். ஃப்ளட்டரில் புது புராஜெக்ட் ஆரம்பித்தால், வசதிக்காக நம் கணினியிலேயே கிடக்கும் சோதனைச் சாவியைப் போட்டு வைத்திருப்பார்கள். வெளியே கொடுக்கும் முன் சொந்தச் சாவிக்கு மாற்று என்று அங்கே ஒரு வரிக் குறிப்பும் இருக்கும். ஹமீட் அந்த வரியை மாற்றவில்லை. முப்பது டேப்லட்டும் அவன் மேசைக்கடியில் இருந்த ஒரு கணினியின் சோதனைச் சாவியில் ஓடிக்கொண்டிருந்தன. பல வருடம் ஆப் வெளியிட்ட என் கண்ணுக்கு அது உடனே பட்டது. டெஸ்டராக இருந்தவனுக்குத் தெரிய வழியில்லை.

கோப்பை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

3. கோபால் அண்ணே கேட்ட கேள்வி

சில வாரம் கழித்து ஹமீட்டுக்குப் புதுக் கணினி வந்தது. எனக்கு வரவில்லை. ஐடி பிரிவு கோபால் அண்ணே தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். பழையதில் உள்ளதை அழித்துக் கணக்குப் பிரிவுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"இதுல எடுத்து வைக்க வேண்டியது எதாச்சும் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, கோட் எல்லாம் சர்வர்ல இருக்கு," என்றான் ஹமீட்.

நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சாவி இருக்கும் 'டாட் ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டரை மட்டும் காப்பி எடு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். என் கண் அந்தப் புதுக் கணினியின் மேல் இருந்தது. கோபால் அண்ணே பழையதன் வயரைக் கழற்றிச் சுருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி நகர்ந்தது. நான் என் திரைக்குத் திரும்பிக்கொண்டேன்.

ஆப்பில் படம் எடுக்கும்போது நின்றுபோகும் ஒரு பிழை இருந்தது. ஹமீட் அதைச் சரிசெய்து, புதுக் கணினியில் அடுத்த பதிப்பை பில்ட் போட்டு யார்டுக்கு அனுப்பினான். சாவி வேறானதால் எந்த டேப்லட்டிலும் அது ஏறவில்லை. காரணம் புரியாமல் அவன் தடுமாறிக்கொண்டிருந்தபோதே, யார்டு கிளார்க் ஒருவர் பழைய ஆப்பை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏறியது. ஆனால் இன்னும் போய்ச் சேராமல் அந்த டேப்லட்டில் கிடந்த கையெழுத்துகளும் படங்களும் ஆப்போடு போய்விட்டன. அது முனியாண்டி என்ற டிரைவருடைய டேப்லட். ஒன்பது கடை இறக்கிய ஒரு நாள் வேலை.

இரண்டு நாள் கழித்து மிஸ்டர் டான் ஹமீட்டை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அன்று மாலையே யார்டு ஆப்பை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு மெயில் வந்தது. மாதக்கணக்காக ஆசைப்பட்டது. வாசித்துவிட்டு மெயிலை மூடினேன்.

4. யார்டில்

மறுநாள் காலை ஹமீட்டின் காரில் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் போனோம். ஒவ்வொரு டேப்லட்டையும் கையில் வாங்கி, உள்ளே கிடப்பது எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, பழையதை அழித்து, சரியான சாவியோடு புதியதைப் போட வேண்டும். லோரிகள் உள்ளே வர வர கேட்டிலேயே நிறுத்தி வாங்கினோம். வெயிலில் திரை தெரியவில்லை. ஹமீட் தன் தொப்பியைக் கழற்றி டேப்லட்டுக்கு நிழல் பிடித்தான்.

பதினோரு மணிக்கு முனியாண்டி அண்ணே வந்தார். ஐம்பது தாண்டியவர். அவருக்கு லோரி கொடுக்கவில்லை, விளக்கக் கடிதம் எழுதச் சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். ஒன்பது கடையில் எட்டுக் கடைக்காரர்கள் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சரக்கே வரவில்லை என்கிறார்.

"பதினாறு வருசமா ஓட்டுறேன்மா," என்றார் என்னிடம். குரல் உயரவில்லை. "ஒரு பெட்டி கொறஞ்சதில்ல. இப்போ எங்க வித்தேன்னு கேக்குறாங்க லா. நான் என்ன எழுத?"

ஹமீட்தான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். தப்பு தன்னுடையது, எங்கள் கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கித் தருகிறேன் என்று சொன்னான்.

அவர் போன பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீ என் கோட எடுத்துப் பாத்தேல்ல. சர்வர்ல உன் பேரு இருக்கு. உனக்கும் அந்தச் சாவி விசயம் தெரியலயா கலா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அந்த டிரைவரின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தெரியும்," என்றேன். "கோபால் அண்ணே கேட்டப்பவும் தெரியும்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த லோரி கேட்டுக்குள் வந்தது. "அதப் பாரு," என்று மட்டும் சொன்னான். திரும்பும்போது பாலம் முழுக்க ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான்.

5. கடிதம்

மிஸ்டர் டான் கடிதத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மட்டும் எழுதச் சொன்னார். அது முனியாண்டி அண்ணனுக்குப் போதாது என்றேன். எந்தத் தேதியில் எங்கள் ஆப் எப்படி அவருடைய பதிவுகளை அழித்தது, சாவியை எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்தும் யார் சொல்லாமல் விட்டது என்று முழுதாக எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். மிஸ்டர் டான் இரண்டு தடவை வாசித்துவிட்டு, இதை அனுப்பினால் யார்டு ஆப்பை உன்னிடம் விட்டுவைக்க முடியாது என்றார். சரி என்றேன். நான் எதிர்பார்த்த தண்டனை அதைவிடப் பெரியது.

கடிதம் போன மூன்றாம் நாள் முனியாண்டி அண்ணனுக்கு லோரி திரும்பக் கிடைத்தது. அந்தக் கடைக்காரரும் பின்கட்டில் சரக்கைக் கண்டுபிடித்துவிட்டதாக ஃபோன் செய்தாராம். ஆப் மறுபடி ஹமீட்டிடம் போனது. அவன் இன்னும் பக்கத்து மேசைதான். காலையில் தலையசைப்பான், பிறந்தநாள் கேக்கை வெட்டினால் ஒரு துண்டு கொண்டுவந்து வைப்பான். ஆனால் பில்ட் நின்றுபோனால் என்னைக் கேட்பதில்லை. மூன்றாவது வரிசைக்கு நடந்துபோய் வேறு யாரையாவது கேட்கிறான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்தத் துறைக்குள் வருகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. கணினியை மாற்றும் முன் சாவிக் கோப்பை எடுத்து வையுங்கள். இது எந்தக் குறிப்பிலும் கிடைக்கும்.

மற்றது கிடைக்காது. பொறாமை எனக்குப் போய்விட்டது என்றால் பொய். போன மாதம் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் பேச ஹமீட்டைக் கூப்பிட்டார்கள். அவன் தயார் செய்துகொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் அவன் திரையில் ஒரு ஸ்லைடில் கட்டளை தப்பாக இருந்தது கண்ணில் பட்டது. எழுந்து போய்ச் சொன்னேன். "ஆமா லா," என்று திருத்திக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. எரிச்சலும் அடங்கவில்லை. அப்படியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பொறாமை வந்தால் வரட்டும். அதற்காக, தெரிந்ததைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.