கடல் இல்லாத ஊரில் கப்பல் பாடம்

கப்பலில் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: கேட்பவர்கள் கப்பலைப் பார்த்ததில்லை என்றால், சொல்பவனும் பார்த்ததில்லை என்பது வெளியே தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நான் பார்த்த வேலை அதுதான். தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் வைத்திருந்த எங்கள் முதலாளி இந்த ஊர்க்காரர். சொந்த ஊர் ஆட்களுக்குத்தான் வேலை கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். பாதுகாப்புப் பாடம் படித்த சான்றிதழ் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது என்று உத்தரவு வந்ததும், தேரடிப் பக்கம் ஒரு மாடி அறையைப் பிடித்தார். வாத்தியார் வேலை கிடைக்காமல் அலைந்த ராயகிரிக்காரனான என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அங்கே உட்கார வைத்துவிட்டார். தெரியாததைத் தெரிந்த முகத்தோடு சொல்லிக் காலம் தள்ளிய புண்ணியவான்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் வகுப்பில் பத்துப் பேர். அதில் ஒருவன் பேச்சிமுத்து, குருவிகுளம் பக்கத்துக்காரன். மூன்று வருஷமாக மழை இல்லை, ஆடுகளையும் விற்றாயிற்று. "இந்தக் கப்பல் வேலைய விட்டா எங்களுக்கு வேற கதி இல்ல சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

கிணற்றில் மிதந்தவர்கள்

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதிக்க வேண்டும் என்றது புத்தகம். சித்திரை மாதம். குளத்தில் மாடு படுத்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு அண்ணாச்சியின் பம்புசெட் கிணற்றைக் கேட்டு வாங்கினேன். எட்டிப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர்.

ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கால் சகதியில் நின்றது. ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் மிதந்தது. பேச்சிமுத்து மாத்திரம், குடிக்கிற தண்ணீர் என்று தொட்டியில் இரண்டு காலையும் தேய்த்துக் கழுவிவிட்டு, படி வழியாகப் பதமாக இறங்கினான். அடுத்த பாடமாக, கடல் தண்ணீரை அசுத்தம் செய்யக் கூடாது என்று நான் கிணற்று மேட்டில் நின்று முழங்க ஆரம்பித்ததும் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "ஏன்வே, கடல்ல அழுக்கப் போடக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே எங் கெணத்துல பத்து ஆள எறக்கி விட்டிருக்கீரே, இது எந்த ஊரு நியாயம்?"

சிவகிரி பஸ் மூழ்கியது

மூழ்கும் கப்பலில் இருந்து முண்டியடிக்காமல் இறங்கவும் பழக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்ற சிவகிரி பஸ்ஸைக் கண்டக்டரிடம் ஐந்து நிமிஷம் கடன் கேட்டேன். ஆட்களை உட்கார வைத்து, விசில் ஊதி, "கப்பல் மூழ்குது!" என்று கத்தினேன்.

பத்துப் பேரும் வரிசையாக, அழகாக இறங்கினார்கள். கண் குளிர்ந்துபோய்த் திரும்பிப் பார்க்கிறேன், அதற்குள் வெளியே நின்ற கூட்டம் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, மூழ்கிய கப்பலில் ஒரு இடம் பாக்கியில்லாமல் பிடித்துவிட்டது. ஒரு அம்மாள் கோழியோடு டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நம்ம ஆளுவ மூழ்குத கப்பல்லயும் சீட்டு இருக்கான்னுதான் பாப்பானுவ."

புற்றுமண்

ஒரு நாள் பேச்சிமுத்துவின் தாயார் கோயில் புற்றுமண்ணைப் பத்துப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். எல்லா லைஃப் ஜாக்கெட்டிலும் வைத்துத் தைக்க வேண்டுமாம். பாம்பு அண்டாதாம். ஜாக்கெட்டில் கனம் ஏற்றக்கூடாது என்று விளக்கினேன். கடலில் பாம்பு உண்டா இல்லையா என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டினேன், உண்டு என்று போட்டிருந்தது. "அப்ப பொஸ்தகத்த மூடிட்டு ஊசி நூல எடுங்க சார்."

வட்டையில் ஒரு சொட்டு

எண்ணெய்ப் பாடத்துக்குப் பெரிய வட்டை நிறையத் தண்ணீர் வைத்து, மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். அது விளிம்பு வரை படர்ந்து வானவில் காட்டியது. மற்றவர்கள் ரசித்தார்கள். பேச்சிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. ஒரு சொட்டுக்கு ஒரு வட்டைத் தண்ணீர் பாழா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எண்ணெயோ குப்பையோ, யார் சொன்னாலும் கடலில் போடாதே என்றேன். புத்தகத்தில் "யார் சொன்னாலும்" கிடையாது. அது நானாக ஒரு வேகத்தில் சேர்த்தது. அவன் எழுந்து நின்று கேட்டான். "எச்சி துப்பலாமா சார், இல்ல அதையும் முழுங்கிரணுமா?"

பரீட்சையில் அவன்தான் முதல்.

சாக்கு மூட்டை

நாலு மாதம் கழித்து, பேச்சிமுத்து ஒரு சாக்கு மூட்டையோடு மாடி ஏறி வந்தான். ஏதோ சீமைச் சாமான் என்று ஆசையாகப் பிரித்தேன். எண்ணெய்த் துணி, கிரீஸ் டப்பா, பிசின் மாதிரிக் கசடு. நாற்றம் தேரடி வரை போயிருக்கும்.

நடந்தது இதுதான். இயந்திர அறைக் கழிவைக் கடலில் தள்ளச் சொல்லியிருக்கிறார் கப்பல் அதிகாரி. இவன் மாட்டேன் என்றிருக்கிறான். மறுபடி சொல்ல, மறுபடி மாட்டேன். தூத்துக்குடியில் கரை சேர்ந்ததும் மூட்டையைத் தலையில் ஏற்றி, "சொல்லிக்குடுத்தவன்கிட்டயே கொண்டு குடு" என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சொன்னபடியே கொண்டுவந்திருக்கிறான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனையும் மூட்டையையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே தூத்துக்குடிக்குப் போய், இவன் செய்ததுதான் சரி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் மன்றாடினேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "சர்டிபிகேட்டுக்குத்தானவே வகுப்பு வச்சேன், ஒருத்தன் அதக் கேட்டு நடப்பான்னு நான் என்ன கனவா கண்டேன்?"

அவனைத் திரும்ப எடுக்க முடியாது என்று முடித்துவிட்டார். வெளியே வந்தோம். எதிரே கடல். வேலைக்காக அவன் அழுவான் என்று பயந்துகொண்டு நின்றேன். அவன் மூட்டையை ஒரு தோளில் இருந்து மறு தோளுக்கு மாற்றினான். "அப்ப இத எங்கன போடணும்னு பொஸ்தகத்துல போட்டிருக்கு சார்?"

பாடத்தைக் கேட்டு நடந்தவன் அடுத்தவர் ஆட்டை மேய்க்கப் போனான், நடத்தியவன் மறுவாரமே அடுத்த பத்துப் பேருக்கு அதே பாடத்தை, "யார் சொன்னாலும்" என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடத்தினான் என்பதே கப்பல் பாதுகாப்புக்கு நான் ஆற்றிய தொண்டு.