சைனஸ் என்றால் மூக்கு மட்டும் இல்லை

போன வாரம் ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தில் விரலை வைத்தார். குட்டித் திரையில் அவருடைய இதயத் துடிப்பு பச்சைக் கோடாகத் துள்ளி ஓடியது. அடுத்தவர் பேப்பரை எட்டிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. படித்துவிட்டேன். சின்ன மேடு, ஊசிக் கோபுரம், கொஞ்சம் பெரிய மேடு. மறுபடி சின்ன மேடு. கோபுரங்களுக்கு நடுவே ஒரே இடைவெளி.

"சைனஸ் ரிதம் சார், நல்லா இருக்குது" என்றேன். அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜன்னலில் தோல் பதனிடும் வாடை அடித்தது. அந்த வாடை வந்தால் பின்னாலேயே ஈசிஜி ஜெல்லின் வாசனையும் எனக்கு வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டால் போதும், ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும். நானும் திருத்தவில்லை.

ஷூ கம்பெனியில் சேருகிறவர்களை எங்களிடம்தான் செக்கப்புக்கு அனுப்புவார்கள். ஒடுகத்தூரிலிருந்து வந்த எஸ்தருக்கு டாக்டர் ரிப்போர்ட்டில் 'சைனஸ் அரித்மியா, நார்மல்' என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அவளும் கம்பெனி சூப்பர்வைசர் பாயும் திரும்பி வந்து நின்றார்கள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"இன்னா சிஸ்டர், சைனஸ்னு போட்ருக்குது. பசை ஒட்ற செக்‌ஷன்ல தும்மிக்கினே இருப்பா. வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் பாய்.

"எனக்கு ஜலதோஷமே கம்மிக்கா" என்றாள் எஸ்தர் என்னிடம். "இந்த வேலயும் போச்சுன்னா மறுபடி மல்லாட்ட புடுங்கத்தான் போவணும்." வேர்க்கடலைக் கொல்லைக் கூலியைச் சொன்னாள்.

"பாய், இது மூக்கு சைனஸ் இல்ல. இதயத்துல துடிப்பு கெளம்புற எடம். அதுக்கும் பேரு சைனஸ்."

"அப்ப அரித்மியான்னா?"

"தாளம் ஆடுது."

"ஆடுதில்ல? அப்புறம் எப்படி நார்மலு?"

வாயால் சொல்லித் தீராது. எஸ்தரைப் படுக்க வைத்துக் கைகால்களில் கிளிப் மாட்டினேன்.

"மூச்ச இழு." மெஷினிலிருந்து வந்த காகிதத்தில் கோபுரங்கள் நெருங்கி ஓடின. "மெதுவா விடு." விலகி நின்றன. "புடிச்சு வை." அத்தனையும் சம இடைவெளியில் வரிசை கட்டின. ஒவ்வொரு கோபுரத்துக்கும் முன்னால் அந்தச் சின்ன மேடு தவறாமல் இருந்தது. அப்படியென்றால் துடிப்பு கிளம்புகிற இடம் சரியாகவே இருக்கிறது. புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் மூச்சு இழுக்க இழுக்க இதயம் கூடவே ஓடுவதைக் கண்ணால் பார்த்தபோது என் துடிப்பு எகிறியது.

"மூச்சோட சேந்து ஆடுது பாய். வயசுப் புள்ளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும்."

"எனக்குப் போடு" என்று பாய் படுத்துவிட்டார். இழுத்தார், விட்டார். கோபுரங்கள் அசையவில்லை, கம்பி வேலி மாதிரி நின்றன.

"இன்னா, எனக்கு ஆடல?"

"வயசாய்ட்டா கம்மியாய்டும் பாய். அதுவும் நார்மல்தான்."

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் எழுந்து சட்டையைச் சரிசெய்தபடி, "சிரிச்சது போதும். வா, வந்து கையெழுத்துப் போடு" என்றார். செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு அவள் ஷூ கம்பெனிக்கு ஓடினாள்.

அந்த கிளினிக் இப்போது செல்போன் கடை. இப்போதைய ஈசிஜி மெஷின்கள் முடிவைத் தாங்களே அச்சடித்துவிடுகின்றன. இழு, விடு என்று சொல்லிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. அன்று எஸ்தரின் ஈசிஜி காகிதத்தை மெஷினிலிருந்து கிழித்தெடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். மெஷின் சூட்டால் கோடு போடுகிற காகிதம், நாளாக நாளாகக் கோடு வெளுக்கும். போன தடவை எடுத்துப் பார்த்தால் கோபுரங்கள் அழிந்து ரோஜா நிறக் கட்டங்கள் மட்டும் இருந்தன; எங்கே மூச்சை இழுத்தாள், எங்கே விட்டாள் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.